மார்க் எங்கே போச்சு? கூட்டி வகுத்தால் 76½, சீட்டில் 72!

பூட்டு உடைக்கப்படவில்லை. ஜன்னல் கம்பி வளைக்கப்படவில்லை. போலீசில் புகாரும் இல்லை. ஆனால் வீட்டில் 4 மார்க்கைக் காணோம்!

அந்த வீடு தஞ்சை கீழவாசலில் இருக்கலாம். பாபநாசத்தில் இருக்கலாம். மன்னார்குடியில் இருக்கலாம். செமஸ்டர் முடிவு வெளியாகிற ஒவ்வொரு முறையும் டெல்டா மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளில் இதே கதைதான்.

அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. மகள் கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். முடிவு வந்ததும் அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஆறு பேப்பர். ஆறு மார்க்கையும் கூட்டினார். 459. ஆறால் வகுத்தார். 76½.

"75-க்கு மேல போயிடுச்சு பாப்பா! டிஸ்டிங்ஷன்தான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

மகள் செல்போனைக் காட்டினாள். அதில் சராசரி 72.36 என்று இருந்தது.

"ஏம்மா, கூட்டல் தப்பாப் போட்டிருக்காங்களா?"

"தெரியலப்பா. எல்லாருக்கும் இப்படித்தான் குறைஞ்சிருக்கு."

மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் ஆபீஸ் ஜன்னலில் நின்றால் கிடைக்கிற பதில் என்ன? "எல்லாம் கிரெடிட் கணக்குங்க. கரெக்டாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். ஜன்னல் சாத்தப்படும்.

ஜன்னல்காரர் சொன்னது உண்மை. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் குற்றம்!

மண்டிக் கணக்குதான்!

கிரெடிட் கணக்கு என்றால் ஏதோ கம்ப்யூட்டர் வித்தை என்று பலர் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். நெல் விற்ற ஒவ்வொரு விவசாயிக்கும் இது தெரிந்த கணக்குதான்.

2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் ரூ.2,545. பொது ரகம் ரூ.2,500. ஒருவர் 9 குவிண்டால் சன்ன ரகமும் 1 குவிண்டால் பொது ரகமும் போடுகிறார். சராசரி விலை என்ன?

இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து 2,522 ரூபாய் 50 காசு என்று சொன்னால் மண்டியில் சிரிப்பார்கள். 9 குவிண்டாலுக்கு ஒரு விலை, 1 குவிண்டாலுக்கு ஒரு விலை. மொத்தப் பணம் ரூ.25,405. அதைப் பத்தால் வகுத்தால் ரூ.2,540.50. இதுதான் நிஜ சராசரி. எது அதிகம் இருக்கிறதோ அதன் பக்கம்தான் தராசு சாயும்.

காலேஜிலும் இதே தராசுதான். அங்கே குவிண்டாலுக்குப் பதில் கிரெடிட். விலைக்குப் பதில் மார்க்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிமுறைப்படி ஒரு செமஸ்டரில் வாரம் ஒரு மணி நேரம் நடத்தப்படும் பாடத்துக்கு 1 கிரெடிட். பிராக்டிகல் என்றால் வாரம் 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். ஆகவே அதிக நேரம் நடத்தப்படுகிற மேஜர் பாடத்துக்கு எடை அதிகம். வாரம் இரண்டு வகுப்பு மட்டும் உள்ள பாடத்துக்கு எடை குறைவு.

போட்டுப் பாருங்கள்!

அந்தப் பெண்ணின் மார்க்கை இப்போது எடை போட்டுப் பார்ப்போம். கிரெடிட் எண்ணிக்கை காலேஜுக்குக் காலேஜ் மாறும். இது ஓர் உதாரணம்தான். வாசகர்கள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

தமிழ் 90 மார்க், 3 கிரெடிட் — 270
ஆங்கிலம் 84 மார்க், 3 கிரெடிட் — 252
நன்னெறிக் கல்வி 95 மார்க், 2 கிரெடிட் — 190
துணைப்பாடம் 70 மார்க், 4 கிரெடிட் — 280
மேஜர் முதல் பேப்பர் 58 மார்க், 5 கிரெடிட் — 290
மேஜர் இரண்டாம் பேப்பர் 62 மார்க், 5 கிரெடிட் — 310

மொத்த கிரெடிட் 22. பெருக்கி வந்த மொத்தம் 1,592. இதை 22-ஆல் வகுத்தால் 72.36. சீட்டில் இருப்பதும் அதேதான்!

மார்க்கை யாரும் திருடவில்லை. 95 வாங்கிய பாடத்துக்கு எடை 2. 58 வாங்கிய பாடத்துக்கு எடை 5. அங்கேதான் ஓட்டை.

75-ஐத் தொட அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தேவைப்பட்டது? 22-ஐ 75-ஆல் பெருக்கினால் 1,650. கையில் இருப்பது 1,592. குறைவு 58. இரண்டு மேஜர் பேப்பரிலும் தலா 6 மார்க் கூடியிருந்தால் 60 வந்திருக்கும். 75-ஐத் தாண்டியிருப்பாள்! இதே 58-ஐ நன்னெறிப் பாடத்தில் பிடிக்க வேண்டுமானால் 29 மார்க் கூடுதலாக வேண்டும். அங்கே மிச்சம் இருப்பதே 5 மார்க்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அந்தப் பெண் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள்? சுலபமாக மார்க் வரும் பாடத்தை வைத்திருந்தாள். 90-ஐ 95 ஆக்கினால் சராசரி ஏறிவிடும் என்று நம்பினாள். அந்த 5 மார்க்கால் ஏறியது அரை மார்க்கும் இல்லை. அதே உழைப்பை மேஜர் பேப்பரில் போட்டு 5 மார்க் கூட்டியிருந்தால் ஒரு மார்க்குக்கு மேல் ஏறியிருக்கும்.

தண்ணீர் பாய வேண்டிய வயல் ஒன்று. அந்தப் பெண் மடை திறந்தது வேறு வயலுக்கு.

கட்-ஆப் மட்டும் தெரிகிறதே!

"எங்க ஊர் ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று சில பெரிய மனிதர்கள் சொல்லக்கூடும். அது பொய்!

பிளஸ்-2 முடிவு வருகிற நாளில் திருவையாறு டீக்கடையில் போய்க் கேளுங்கள். என்ஜினீயரிங் கட்-ஆப் கணக்கை டீ ஆற்றுகிறவர் சொல்வார். கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200 என்று விரல் விட்டு எண்ணுவார். அதுவும் எடை போட்ட கணக்குதானே?

இரண்டு பையன்கள். மூன்று பாடத்திலும் சேர்த்து இருவரும் 270. ஒருவன் கணக்கில் 100, மற்ற இரண்டிலும் 85. அவன் கட்-ஆப் 185. இன்னொருவன் கணக்கில் 80, மற்ற இரண்டிலும் 95. அவன் கட்-ஆப் 175. மொத்தம் ஒன்றுதான். ஆனால் கவுன்சலிங்கில் இருவருக்கும் நடுவே ஒரு பெரிய வரிசையே நிற்கும்!

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ்-2 மார்க்கையும் நுழைவுத்தேர்வு மார்க்கையும் சேர்த்து எடை போட்டார்கள். 2007-ல் தமிழகத்தில் அந்தத் தேர்வு போனது. பிளஸ்-2 மார்க்கே தராசு என்று ஆனது. ஒவ்வொரு மாற்றத்தையும் கிராமத்துத் தகப்பன்மார்கள் கவனித்தார்கள், புரிந்துகொண்டார்கள். காரணம், பேப்பரில் தமிழில் வந்தது. பஸ்ஸில் பேசப்பட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் போர்டில் போட்டுக் காட்டினார்.

கிரெடிட் கணக்கு மட்டும் ஏன் புரியவில்லை? யாரும் போர்டில் போடவில்லை. விதிமுறைப் புத்தகத்தில் எங்கோ ஒரு பக்கத்தில், இங்கிலீஷில், சின்ன எழுத்தில் உறங்குகிறது!

கொரோனா தந்த பாடம்

எடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழகம் 2021-ல் நேரில் பார்த்தது.

கொரோனா காரணமாக அந்த ஆண்டு பிளஸ்-2 பொதுத்தேர்வு ரத்து. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு எப்படி மார்க் போடுவது? அரசு ஒரு கணக்கை அறிவித்தது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம். பிளஸ்-1 எழுத்துத் தேர்வுக்கு 20 சதவீதம். பிளஸ்-2 செய்முறைத் தேர்வு மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம். ஜூலை 19-ந் தேதி முடிவு வெளியானது.

அதே ஆண்டு சி.பி.எஸ்.இ. வேறு கணக்குப் போட்டது. பத்தாம் வகுப்புக்கு 30. பிளஸ்-1-க்கு 30. பிளஸ்-2-க்கு 40.

இப்போது ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பிள்ளை, 60 மார்க். பிளஸ்-1-ல் விழித்துக்கொண்டான், 75. பிளஸ்-2-ல் 90. தமிழக எடையில் அவனுக்கு 72. சி.பி.எஸ்.இ. எடையில் 76½.

இன்னொருவன் நேர் எதிர். 90-ல் ஆரம்பித்து 75-க்கு வந்து 60-ல் முடித்தான். தமிழக எடையில் 78. சி.பி.எஸ்.இ. எடையில் 73½.

ஏறி வந்தவனுக்கு ஒரு தராசு லாபம். இறங்கி வந்தவனுக்கு இன்னொரு தராசு லாபம். மார்க் மாறவில்லை. எடைக்கல்தான் மாறியது!

அன்றைக்கு அரசைக் குறை சொல்ல முடியாது. பெருந்தொற்று யாரைக் கேட்டு வந்தது? திருப்தி இல்லாதவர்கள் பிறகு தேர்வு எழுதலாம் என்று வாய்ப்பும் கொடுக்கப்பட்டது. ஆனாலும் பிள்ளைகள் மனதில் ஒரு கேள்வி நின்றது. "பத்தாவதுக்கு இவ்வளவு வெயிட்டுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா ஒழுங்காப் படிச்சிருப்பேனே!"

நியாயமான கேள்வி. பந்தயம் முடிந்த பிறகு எடைக்கல்லைக் காட்டியது அன்று தவிர்க்க முடியாதது. இன்று கொரோனா ஊரடங்கு இல்லை. கிரெடிட் எத்தனை என்பது செமஸ்டர் தொடங்கும் முன்பே தெரிந்த விஷயம். அதைச் சொல்லாமல் இருப்பதற்கு என்ன சாக்கு?

சராசரி காப்பாற்றாது

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு பேப்பர் போனால் போனதுதான். அரியரை முடிக்கும் வரை அந்தப் பேப்பரின் கிரெடிட் கைக்கு வராது. டிகிரியும் வராது.

இதற்குக் கும்பகோணமே சாட்சி. காவிரிக் கரையில் உள்ள அரசினர் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தார் ஒரு மாணவர். கணக்கில் சிங்கம். மற்ற பாடங்களில் நாட்டம் இல்லை. தேர்வில் தவறினார். உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் அங்கும் தேறவில்லை.

அவர்தான் சீனிவாச ராமானுஜன்! 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

ராமானுஜனுக்குப் பரீட்சை விதி தெரியாமல் இல்லை. அவர் மனம் கணக்கை விட்டு நகரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் நிலைமை வேறு. விதி தெரிந்தால் அதன்படி உழைக்கத் தயாராக இருக்கிறார்கள். விதியைத்தான் சொல்ல ஆள் இல்லை!

ஒரே மார்க் — மூன்று சதவீதம்!

படித்து முடித்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. வேலை விண்ணப்பத்தில் "சதவீதம் எவ்வளவு?" என்று கட்டம் போட்டிருக்கிறது. கையில் இருப்பதோ பத்துக்கு இத்தனை என்ற கிரேடு சராசரி. மாற்றுவது எப்படி?

ஒருவர் 10-ஆல் பெருக்கு என்கிறார். இன்னொருவர் 9.5-ஆல் பெருக்கு என்கிறார். அது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு ஒரு காலத்தில் வைத்திருந்த கணக்கு. காலேஜ் டிகிரிக்கு அல்ல. மூன்றாமவர் 0.75-ஐக் கழித்துவிட்டு 10-ஆல் பெருக்கு என்கிறார். அது ஏ.ஐ.சி.டி.இ. கையேட்டில் உள்ள முறை.

6.5 வாங்கிய பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 65 சதவீதம். இரண்டாவதில் 61.75. மூன்றாவதில் 57.5. அறுபது சதவீதம் கேட்கிற வேலைக்கு, இரண்டு கணக்கில் உள்ளே. ஒரு கணக்கில் வெளியே!

ஜெராக்ஸ் கடையில் பக்கத்தில் நிற்பவர் சொன்னதை நம்பிக் கட்டத்தை நிரப்புகிறார்கள். பிறகு சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். அவரவர் பல்கலைக்கழகம் எந்தக் கணக்கைச் சொல்கிறதோ அதுதான் செல்லும். அதை ஆபீசில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

செமஸ்டர் சராசரிகளைச் சேர்க்கும்போதும் இதே ஏமாற்றம் உண்டு. ஒரு செமஸ்டரில் 24 கிரெடிட்டுக்கு 7. அடுத்ததில் 16 கிரெடிட்டுக்கு 9. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 8 என்று சந்தோஷப்படக் கூடாது. 24-ஐ 7-ஆல் பெருக்கினால் 168. 16-ஐ 9-ஆல் பெருக்கினால் 144. மொத்தம் 312. அதை 40-ஆல் வகுத்தால் 7.8தான்.

செய்ய வேண்டியது என்ன?

எடையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாரம் ஐந்து மணி நேரம் நடத்துகிற பாடமும் இரண்டு மணி நேரம் நடத்துகிற பாடமும் ஒன்றாகிவிடாது. எடை போடுவது நியாயம்தான். எடைக்கல்லை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு எடை போடுவதுதான் அநியாயம்!

மளிகைக் கடைக்காரர் தராசை வாடிக்கையாளர் கண்ணுக்கு எதிரே வைக்க வேண்டும். படிக்கல்லில் அரசு முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை அளவு அதிகாரி கேஸ் போடுவார். கடைக்காரருக்கு ஒரு சட்டம், காலேஜுக்கு ஒரு சட்டமா?

காலேஜ்கள் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு கரும்பலகை போதும். செமஸ்டர் தொடங்குகிற முதல் நாளே எந்தப் பேப்பருக்கு எத்தனை கிரெடிட் என்று தமிழில் எழுதி வாசலில் வைக்கலாம். முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். மார்க் சீட்டின் பின்பக்கத்தில் சதவீதமாக மாற்றும் முறையை இரண்டே வரியில் தமிழில் போடலாம். இதை ஏற்கனவே செய்கிற காலேஜ்கள் இருந்தால் அவற்றுக்கு ஒரு சபாஷ். செய்யாதவை அடுத்த செமஸ்டருக்காவது விழித்துக்கொள்ளட்டும்.

மாணவர்களும் சும்மா இருக்கக் கூடாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே "சார், இந்தப் பேப்பருக்கு எத்தனை கிரெடிட்?" என்று கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் எதற்கு? காய்கறி வாங்கப் போனால் கிலோ என்ன விலை என்று கேட்காமலா வாங்குகிறோம்?

அந்தக் கணக்குப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். எடையோடு கணக்குப் போட்டுக் காட்டினால் அவருக்கு எவ்வளவு நேரத்தில் புரியும்? ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. "அட, இது நம்ம மண்டிக் கணக்குதானே! இதைச் சொல்றதுக்கு என்ன?" என்றுதான் கேட்பார்.

அதே கேள்விதான் காலேஜ் ஆபீஸ் ஜன்னலுக்கும். இதைச் சொல்றதுக்கு என்ன?